பேச எதுவும் இல்லை என்று எழுதிய நீதிமன்றம்

கண்மணி அம்மாள் டெக்ஸாஸ் மாநில ஓட்டுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வை ஸ்பானிஷ் மொழியில் எழுதித் தேறினார். 1994 ஜூன் மாதம் அது. எங்கள் ஆலன் ஊரில் அப்போது தமிழ்க் குடும்பங்கள் இருபதுக்கு மேல் இல்லை. சேதி ஒரே வாரத்தில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. போடிநாயக்கனூரிலிருந்து வந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் வராதாம், ஸ்பானிஷ் வருமாம் என்று பாட்லக் விருந்துகளில் பேசிச் சிரித்தோம். நானும் சிரித்தவள்தான். பிறகு பல வருடங்கள் அவரோடு பழகி, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

அவருடைய கணவர் மாரிசாமி போடிக்கு மேலே ஏலத் தோட்டங்களில் சூப்பர்வைசராக இருந்தவர். பறித்த ஏலக்காயின் பச்சை நிறம் போகாமல் உலர்த்துவதில் கெட்டிக்காரர். 1979-இல் ஒரு வியாபாரக் கம்பெனி அவரை மத்திய அமெரிக்காவில் ஒரு சிறிய நாட்டுக்கு அழைத்துப் போனது. அங்கும் மலையும் மழையும் மர நிழலும் இருந்தன, ஏலம் விளைந்தது. நாட்டின் பெயரை எழுதவேண்டாம் என்று கண்மணி அம்மாள் கேட்டுக்கொண்டார். ஐந்து வருடம் கழித்துக் கம்பெனி கைவிட்டுப் போனபோது, மாரிசாமி போகவில்லை. ஒரு பள்ளத்தாக்கின் சரிவில் இருபது ஏக்கர் வாங்கினார். சுற்றிலும் பதினோரு குடும்பங்கள், எல்லாரும் அந்த மண்ணின் பூர்வகுடிகள். அவர்கள் மக்காச்சோளம் போட்டார்கள். இவர்களைப் பார்த்து ஏலமும் போட்டார்கள். கண்மணி முதலில் அவர்களிடமிருந்து ஸ்பானிஷ் கற்றார், பிறகு லாரி ஓட்டக் கற்றார். ஒரே மகன் சபரிநாதன் பதினெட்டு வயதில் டெக்ஸாஸுக்குக் கல்லூரியில் படிக்கப் போனான்.

1989-இல் ஒரு நாள் அரசாங்க ஜீப் ஒன்று சரிவேறி வந்தது. இறங்கியவர் அணைக்கட்டு வாரியத்தின் சட்ட ஆலோசகர். மெலிந்த உடம்பு, சாம்பல் நிறச் சட்டை. கண்மணி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் நீர்த்தேக்கத்துக்குள் போகப்போகிறது, நிலத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் நல்லது என்றார். மாரிசாமி மறுத்தார். பன்னிரண்டு குடும்பங்களும் மறுத்தன. அடுத்த வருடம் மாரிசாமி களத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார். சபரி வந்து கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பினான். அம்மாவை அழைத்தான். தோட்டத்தை யாரிடம் விடுவது என்று கேட்டு, கண்மணி அங்கேயே இருந்துகொண்டார்.

1992-இல் அரசாங்கம் ஓர் ஆணை போட்டது. நீர்த்தேக்கப் பகுதியின் நிலத் தகராறுகளை இனிமேல் வழக்கமான நீதிமன்றங்கள் விசாரிக்காது, அதற்கென்று ஒரு சிறப்பு நில நீதிமன்றம் விசாரிக்கும், அதன் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்றது அந்த ஆணை. ஏழு மாதம் கழித்து, 1993 மார்ச்சில் பன்னிரண்டு வழக்குகளும் ஒரே நாளில் எடுக்கப்பட்டன. கண்மணி உள்ளே போனதும் நடு நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். சாம்பல் சட்டைக்கு மேலே கறுப்பு அங்கி. அதே மனிதர்.

அன்று தான் சொன்னதைக் கண்மணி எத்தனையோ முறை எங்களுக்குச் சொல்லிக்காட்டியிருக்கிறார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டாராம்: "ஐயா, இந்த நிலத்தை அணைக்குக் குடுத்துருங்கன்னு என் வீட்டுக்கு வந்து கேட்டது நீங்கதானே? கேட்டவரே எப்படித் தீர்ப்பு சொல்லலாம்?"

நீதிபதி குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா அடுத்த வழக்கின் பெயரைக் கூப்பிட்டார். பன்னிரண்டு வழக்குக்கும் சேர்த்து மொத்தம் பதினோரு நிமிடம். பன்னிரண்டு நிலங்களும் வாரியத்துக்குப் போயின. இரண்டு வாரம் கழித்து வந்த விசாரணைக் குறிப்பில் இப்படி எழுதியிருந்தது: "எதிர்த் தரப்பார் நேரில் ஆஜரானார். அவரது தரப்பு கேட்கப்பட்டது. அவர் சொல்வதற்கு எதுவும் இல்லை."

நிலம் போனதைவிட இந்த வரிதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. பன்னிரண்டு குடும்பங்களும் சேர்ந்து தலைநகரில் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு வருடம் கழித்து, ஆணைப்படி மேல்முறையீடு இல்லை என்று ஒரே பக்கத்தில் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அந்தத் தாள் கண்மணியின் கைக்கு வந்த தேதி 1994 மார்ச் 4. ஏப்ரலில் போலீஸ் வந்து வீட்டைக் காலி செய்யச் சொன்னது. அவர்களுக்காக வழக்கு நடத்திய ஊர் வக்கீல் தன்னிடமிருந்த கட்டுத் தாள்களை அவர் கையில் கொடுத்து, எனக்கு இதற்குமேல் வழி தெரியவில்லை என்றார். அந்தக் கட்டையும் இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு, விசிட்டர் விசாவில் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஆலனில் அப்போது புதுப்புது வீடுகளாக எழும்பிக்கொண்டிருந்தன. ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி தெரு, மரம் என்று சொல்ல எதுவும் இல்லை. கண்மணியால் உட்கார முடியவில்லை. காலையில் நடக்கத் தொடங்கினால் நடைபாதை முடிந்த இடத்திலும் நிற்காமல் போவார். ஒரு முறை போலீஸ் கார் பக்கத்தில் வந்து நின்று, வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டது. மருமகள் எழிலரசி ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்தவள், இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் க்ளெய்ம்களைச் சரிபார்க்கும் வேலை. அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. ஆனால் பள்ளியில் நான்கு வருடம் ஸ்பானிஷ் படித்திருந்தாள். மாமியாரும் மருமகளும் சமையலறையில் ஸ்பானிஷில் பேசிக்கொள்ள, சபரி ஹாலில் உட்கார்ந்து டி.வி. சத்தத்தைக் கூட்டுவான்.

மே மாதத்தில் ஆலங்கட்டி மழை பெய்து எங்கள் தெருவில் பாதி வீடுகளின் கூரை போயிற்று. கூரை மாற்ற வந்த ஆட்கள் மெக்ஸிகோவிலிருந்தும் அதற்குத் தெற்கிலிருந்தும் வந்தவர்கள். கண்மணி அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தார். மேஸ்திரி அவர் கதையைக் கேட்டுவிட்டு, டல்லஸில் ஒரு தேவாலயத்தின் கூடத்தில் சனிக்கிழமைகளில் ஒரு பெண் வக்கீல் இலவசமாக ஆலோசனை சொல்கிறார் என்றார். மகனிடம் கேட்டால் கொண்டுபோய் விடமாட்டான் என்று கண்மணிக்குத் தெரியும். அதனால்தான் லைசென்ஸ். வாங்கிய மூன்றாம் வாரம், சனிக்கிழமை, எழிலின் காரை எடுத்துக்கொண்டு 75 ஃப்ரீவேயில் தனியாகப் போனார்.

வக்கீலின் பெயர் மார்த்தா வில்லாரியல். எல்லையோரத்து லரேடோக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். பெரும்பாலும் விசா விவகாரங்களும் வாடகைத் தகராறுகளும் பார்ப்பவர். கண்மணி சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். இந்த ஊர்க் கோர்ட்டில் இதற்கு வழி இல்லை என்று முதலில் சொன்னார். பிறகு, இந்தக் கண்டத்து நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட மனித உரிமை உடன்படிக்கை ஒன்று உண்டு, நீங்கள் இருந்த நாடும் அதில் கையெழுத்திட்டிருக்கிறது என்றார். அதன் எட்டாவது பிரிவை எடுத்து மெதுவாக வாசித்தார். எந்த மனிதரின் உரிமையைத் தீர்மானிப்பதாக இருந்தாலும், முன்னதாகவே சட்டப்படி அமைந்த, சுதந்திரமான, பாரபட்சமற்ற நீதிமன்றம் அவரைக் கேட்கவேண்டும் என்பது அதன் சாரம். அந்த நாட்டுக் குடிமகளாக இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை.

"கேக்கணும்னு எழுதியிருக்கா?" என்று கண்மணி இரண்டு தடவை கேட்டாராம்.

அந்த உடன்படிக்கை மீறப்பட்டால் விசாரிக்கும் ஆணையம் வாஷிங்டனில் இருக்கிறது, மனுவை அங்கே அனுப்ப வேண்டும். ஆனால் உள்நாட்டில் கடைசித் தீர்ப்பு கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். மார்த்தா நாள்காட்டியைப் பார்த்தார். செப்டம்பர் 4. எட்டு வாரம்கூட இல்லை. நீதிபதி முன்பு வாரியத்தில் இருந்தார் என்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கண்மணியிடம் எழுத்தில் எதுவும் இல்லை. அவர் வந்தார், காப்பி குடித்தார், அவ்வளவுதான்.

வீட்டில் சண்டை வந்தது. சபரி நல்ல பையன், சத்தம் போடாதவன். அன்று சத்தம் போட்டான். தன் சிட்டிசன்ஷிப் அடுத்த வருடம்தான் வரும், வந்த பிறகு அம்மாவுக்கு கிரீன் கார்டு அப்ளை பண்ணவேண்டும், இந்த நேரத்தில் வேறு ஒரு அரசாங்கத்தின்மேல் கேஸ் போட்டால் என்ன ஆகுமோ என்று பயந்தான்.

"அம்மா, அந்த இடம் எப்படியும் தண்ணிக்குள்ள போகப்போகுது. ஜெயிச்சாலும் அங்க போய் நீ என்ன பண்ணப்போற? லெட் இட் கோ, ப்ளீஸ்."

"நான் பேசலைன்னு எழுதி வெச்சிருக்கான்டா. நான் பேசுனேன்."

"யாரு படிக்கப்போறா அதை?"

கண்மணி எழுந்து, கட்டைப் பிரித்து, தாள்களைச் சாப்பாட்டு மேசைமேல் பரப்பத் தொடங்கினார். அதுவரை தன்னுடைய குறிப்பை மட்டுமே அவர் படித்திருந்தார். மற்றவர்களுடையதை வக்கீல் கட்டியபடியே வைத்திருந்தார். பன்னிரண்டு விசாரணைக் குறிப்புகளையும் வரிசையாக அடுக்கினார். வேலையிலிருந்து வந்த எழில் பையைக்கூட இறக்கி வைக்காமல் குனிந்து பார்த்தாள். நாளெல்லாம் க்ளெய்ம் படிவங்களைப் பார்த்துப் பழகிய கண்.

"அத்தை, பாருங்க. எல்லாமே ஒரே மாதிரி இருக்கு," என்று ஸ்பானிஷில் சொன்னாள்.

'ஆஜரானார்' என்பதற்கான ஸ்பானிஷ் சொல்லில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. பன்னிரண்டு தாளிலும் அதே இடத்தில் அதே பிழை. பெயரும் நிலத்தின் எண்ணும் மட்டும் மாறியிருந்தன. யாரோ முன்கூட்டியே ஒரு தாளைத் தட்டச்சு செய்து நகலெடுத்துப் பெயரை நிரப்பியிருக்கிறார்கள் என்று எழில் சொன்னாள். கண்மணி ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே வந்தார். ஒன்பதாவது தாளில் நின்றுவிட்டார்.

எவுசேபியோ. கீழ்ச்சரிவுக்காரர், அந்தப் பதினோரு குடும்பங்களில் ஒருவர். அவர் மனைவி தொமாசா. 'நேரில் ஆஜரானார். அவரது தரப்பு கேட்கப்பட்டது. அவர் சொல்வதற்கு எதுவும் இல்லை.' விசாரணை நடந்தது 1993 மார்ச். எவுசேபியோ காய்ச்சலில் இறந்தது 1992 நவம்பர். அவரை அடக்கம் செய்த நாளில் கண்மணிதான் ஐம்பது பேருக்குச் சமைத்தார். விசாரணை நாளில் நீதிமன்றத்துக்கு வந்தது தொமாசா. அவளை உள்ளேயே விடவில்லை. நிலம் அவள் பெயரில் இல்லை என்று வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

செத்த மனிதன் வந்து நின்று ஒன்றும் சொல்லாமல் போனான் என்று ஒரு நீதிமன்றம் எழுதியிருந்தது. திங்கட்கிழமை கண்மணி இதை மார்த்தாவிடம் சொன்னார். எவுசேபியோ இறந்ததற்கு அத்தாட்சியாக முத்திரை போட்ட காகிதம் ஒன்று வேண்டும் என்றார் மார்த்தா.

அங்கே போய் எடுத்து வரலாமென்றால் விசா ஒரு தடவை நுழைவதற்கு மட்டும்தான். வெளியே போனால் திரும்ப விடுவார்களா என்பது நிச்சயமில்லை. அந்த மலையூரில் தொலைபேசி இருந்தது ஒரு மருந்துக்கடையில் மட்டும். கண்மணி ஃபோன் கார்டு வாங்கி அங்கே கூப்பிடுவார். கடைக்காரர் ஆள் விட்டுத் தொமாசாவுக்குச் சொல்லி அனுப்புவார். மறுநாள் அதே நேரத்துக்கு மீண்டும் கூப்பிட வேண்டும். பாதி நாட்கள் லைன் கிடைக்காது. கிடைத்தால் பாதியில் அறுந்துபோகும். ஊர்ப் பாதிரியார் மாற்றலாகிப் போயிருந்தார், அடக்கப் பதிவேடு மறைமாவட்ட அலுவலகத்துக்குப் போயிருந்தது. தொமாசா பஸ் பிடித்து இரண்டு நாள் பயணம் செய்து போனாள். ஆகஸ்ட் நடுவில் ஒரு ஃபேக்ஸ் வந்தது. அதில் ஒரு கறுப்புப் பட்டையைத் தவிர எதுவும் தெரியவில்லை. மூலப் பிரதியைக் கூரியரில் அனுப்பச் சொன்னார்கள்.

அந்த இரண்டு வாரம் கண்மணி சாப்பிட உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் காரின் சாவியைக் கையிலேயே வைத்திருப்பார். ஆகஸ்ட் 30 அன்று கடைக்குப் போன அரைமணி நேரத்தில் கூரியர் வண்டி வந்து, ஆளில்லை என்று கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விட்டது. அதில் இங்கிலீஷில் இருந்ததை அவர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நாளை மறுபடியும் வருவார்கள் என்று சொன்னேன். நாளைவரை இருக்க முடியாது என்றார். நானும் ஏறிக்கொண்டேன். பிளேனோவில் அவர்களுடைய கிடங்கைத் தேடிக் கண்டுபிடித்து, வண்டி திரும்பி வரும்வரை வெயிலில் நின்றோம். உறை கைக்கு வந்ததும் அங்கேயே கிழித்துப் பார்த்தார். தேவாலய முத்திரையோடு ஒரே ஒரு தாள், எவுசேபியோவின் பெயர், 1992 நவம்பர் 17. அதை மடிக்காமல் மடியில் விரித்து வைத்துக்கொண்டே ஓட்டினார். செப்டம்பர் 1 அன்று மனு போயிற்று.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. இதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மனுவுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். அரசாங்கத்துக்கு அனுப்பினார்கள். அரசாங்கம் அவகாசம் கேட்டது, பிறகு மறுபடியும் கேட்டது. 1995-இல் சபரி சிட்டிசன் ஆனான், பேத்தி பிறந்தாள். 1997-இல் கண்மணிக்கு கிரீன் கார்டு வந்தது. ஸ்பானிஷ் தெரிந்த ஆள் வேண்டும் என்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதே வருடம் அக்டோபரில் அணையின் கதவுகளை மூடினார்கள். களமும் வீடும் மாரிசாமியை எரித்த இடமும் நாற்பது நாளில் மூழ்கிப்போயின என்று தொமாசா ஃபோனில் சொன்னாள். அன்று கண்மணி டேகேருக்கு லீவு போடவில்லை. சாயங்காலம் மார்த்தாவைக் கூப்பிட்டு, மனு இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றார் மார்த்தா. மூழ்கினது நிலம்தான், கேள்வி அப்படியேதான் இருக்கிறது என்றார்.

1998-இல் மனுவை விசாரணைக்கு ஏற்றுக்கொண்டார்கள். 1999 அக்டோபரில் வாஷிங்டனில் விசாரணை. மார்த்தாவும் கண்மணியும் எழிலும் போனார்கள். சபரி வரவில்லை. விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, "டயர்ட் ஆயிடாதம்மா" என்று மட்டும் சொன்னான். நீளமான மேசை, காதில் மாட்டும் மொழிபெயர்ப்புக் கருவிகள், ஒவ்வொருவர் முன்னாலும் தண்ணீர். அரசாங்கத்தின் சார்பில் ஓர் இளைஞர் வந்திருந்தார். மிகவும் மரியாதையானவர். வாரியத்தில் ஆலோசகராக இருந்தது குற்றம் அல்ல, எவுசேபியோ விஷயம் எழுத்தர் செய்த தவறு, மற்ற பதினொருவருக்கும் பேச வாய்ப்பு அளிக்கப்பட்டது, அவர்கள் பேசவில்லை என்பதற்குப் பதிவு இருக்கிறது என்று வாதாடினார்.

ஆணைய உறுப்பினர் ஒருவர் கண்மணியைப் பார்த்து, அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

அதற்கான பதிலை ஆறரை வருடம் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். ஜீப், காப்பி, சாம்பல் சட்டை, மூன்று நாற்காலிகள், குமாஸ்தா கூப்பிட்ட அடுத்த பெயர். நான்கு நிமிடம் பேசினார். யாரும் இடைமறிக்கவில்லை. மேசைமேல் ஒலிப்பதிவுக் கருவியின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே வந்ததும் எழில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பேசினீங்க அத்தை" என்றாள். அவள் ஒரு வாக்கியம் முழுவதையும் தமிழில் பேசி அன்றுதான் கேட்டேன் என்று கண்மணி சொல்வார்.

2000-இல் அந்த நாட்டில் ஆட்சி மாறியது. புதிய அரசாங்கம் சமரசத்துக்கு வந்தது. சிறப்பு நில நீதிமன்றம் பாரபட்சமற்றதாக இருக்கவில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொள்வதாகவும், பன்னிரண்டு தீர்ப்புகளையும் ரத்து செய்வதாகவும், அதே அளவு நிலம் வேறிடத்தில் தருவதாகவும் சொன்னது. மார்த்தா ஃபோனில் வாசித்ததைக் கேட்டுக் கண்மணி அழவில்லை, சிரிக்கவில்லை. எந்த இடம் என்று கேட்டார். ஆற்றுக்குக் கீழே, சமவெளியில். அங்கே ஏலம் வராதே, மலையில்தான் நிலம் வேண்டும் என்றார். இன்னொன்றும் கேட்டார். ரத்து செய்தால் மட்டும் போதாது, அன்று தான் சொன்னதைக் குறிப்பில் சேர்த்துத் திருத்தி எழுத வேண்டும். அரசாங்கத் தரப்பு இரண்டுக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. ரத்தான குறிப்பை எதற்குத் திருத்துவது என்று கேட்டது. மாதங்கள் ஓடின.

2001 ஜனவரியில், ஏழு வருடத்துக்குப் பிறகு, கண்மணி அங்கே போனார். மற்ற குடும்பங்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கொட்டகைகளில் இருந்தன. தொமாசாவுக்குப் பல் போயிருந்தது, முழங்கால் வீங்கியிருந்தது. எல்லாரும் கூடி உட்கார்ந்தார்கள். கண்மணி இரண்டு நிபந்தனைகளையும் விளக்கினார், விடக்கூடாது என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. எல்லாரும் போன பிறகு தொமாசா மட்டும் இருந்தாள்.

"எனக்கு அந்தக் கீழ் நிலம் போதும்," என்றாள். "மக்காச்சோளம் அங்க வரும். மே மாசம் மழைக்கு முன்னாடி நிலம் கைக்கு வரணும்."

"இத்தனை வருஷம் காத்திருந்தோம். இன்னும் கொஞ்சம்."

"நீ காத்திருந்தது ஒரு வீட்டுல. நாங்க இங்க. எங்களுக்கு என்ன வேணும்னு நீ ஒரு தடவையாவது கேட்டியா? எங்க எல்லாருக்காகவும் நீயே பேசிட்ட."

கண்மணிக்குக் கோபம் வந்தது. எவுசேபியோவின் பெயருக்காக எத்தனை ஃபோன், எத்தனை நடை என்று சொல்லிக்காட்டினார். தொமாசா கேட்டுக்கொண்டிருந்தாள். அதெல்லாம் தெரியும் என்றாள். அந்தத் தாளை எடுக்க இரண்டு நாள் பஸ்ஸில் போனது நான்தானே என்றாள். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மூன்று நாள் கண்மணி நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார். தண்ணீருக்கு மேலே மீந்திருந்த சரிவையும் பார்த்தார். அங்கே நிழல் மரங்கள் அப்படியே நின்றன. நான்காம் நாள் ஒவ்வொரு கொட்டகையாகப் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். எழுதிக்கொண்டார். ஏழு குடும்பங்களுக்குக் கீழ் நிலம் போதும். நான்கு குடும்பங்களுக்கு மலை வேண்டும். குறிப்பைத் திருத்தி எழுதவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. தன் பெயரை மலைப்பக்கம் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொண்டார்.

திரும்பி வந்து மார்த்தாவிடம் பட்டியலைக் கொடுத்தார். குறிப்பைத் திருத்தும் நிபந்தனையை எடுத்துவிடச் சொன்னார். நிச்சயமாகவா என்று மார்த்தா இரண்டு முறை கேட்டார். இவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, எடுத்துவிடுங்கள் என்றார். அன்று டல்லஸிலிருந்து திரும்பும்போது வழியில் இரண்டு எக்ஸிட் தாண்டிப் போய்விட்டு, கால் மணி நேரம் ஒரு பெட்ரோல் பங்க்கில் காரை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்ததாக என்னிடம் சொன்னார். அது தோல்வியா என்று நான் கேட்டேன்.

"தெரியலம்மா," என்றார். "அந்த ஊர்ல எந்தக் காகிதத்துலயும் நான் சொன்னது இருக்காது. இனிமே யாராவது தேடினாலும் கிடைக்காது. அது ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

மார்ச் கடைசியில் வாஷிங்டனில் சமரச உடன்பாடு கையெழுத்தானது. சிறப்பு நில நீதிமன்றம் உடன்படிக்கையின் எட்டாவது பிரிவுக்கு ஏற்ப அமையவில்லை என்பது அதில் முதல் பத்தி. ஏழு குடும்பங்களுக்குச் சமவெளி நிலம் ஏப்ரலில் கிடைத்தது. மலை கேட்ட ஐந்து பேருக்கு நீர்மட்டத்துக்கு மேலே ஆளுக்கு ஒன்பது ஏக்கர்தான் கிடைத்தது. அதுவும் ஆகஸ்டில்தான் அளந்து கொடுத்தார்கள். சபரி அந்த வரைபடத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவை எரித்த இடம் எங்கே வரும் என்று கேட்டான். கண்மணி நீல நிறத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். மறுநாள் சபரி ஆபீஸில் நான்கு நாள் லீவு கேட்டுவிட்டு வந்து, நானும் வரேம்மா, தோட்டத்தைப் பாக்கணும் என்றான்.

போய்வந்தார்கள். கண்மணி ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று முடிவு செய்திருக்கிறார். நட்ட ஏலம் காய்க்க மூன்று வருடமாகும். வழக்கு முடிந்தால் நிம்மதியாக உட்காருவார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். உட்காரவில்லை. இங்கே இருக்கும்போது மலையில் மழை எப்படி என்று கேட்கிறார், அங்கே போனால் பேத்தி சாப்பிட்டாளா என்று ஃபோன் செய்கிறார். தொமாசாவுடன் பேச்சு திரும்பியிருக்கிறது, ஆனால் முன்போல இல்லை என்கிறார். சமவெளி நிலம் கைக்கு வந்த அடுத்த மாதமே, மே மாதத்தில், அவள் முதல் மக்காச்சோளம் விதைத்த அன்று மருந்துக்கடையிலிருந்து கூப்பிட்டாள். எந்தப் பக்கத்திலிருந்து விதைக்கத் தொடங்கினாய் என்று இவர் கேட்டார். அவள் சொன்னாள். அது சரியான பக்கம்தான் என்று இவரும் சொன்னார். அதற்குள் அவளுடைய ஃபோன் கார்டில் நிமிடங்கள் தீர்ந்துபோயின.